'இல்லை' என்று எழுதலாமா, 'காணவில்லை' என்று எழுத வேண்டுமா?

கேள்வி: ஜனவரி 18, மாலை 6.40
நாங்கள் ஐந்து பேர். ஆற்றில் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குக் கல் பதித்துக் கரை கட்டப் போகிறார்கள். அதற்கு முன் அங்கே என்னென்ன உயிரினங்கள் இருக்கின்றன என்று பட்டியல் கேட்டிருக்கிறார்கள். நேற்றும் இன்றும் காலை ஆறு மணிக்குப் போனோம். பறவைகள் 61 வகை. மரம், செடி நாற்பது சொச்சம். நீர்நாய் உண்டு என்று மீன்பிடிக்கிறவர்கள் சொல்கிறார்கள். எங்கள் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை. படிவத்தில் 'நீர்நாய்: இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிடலாமா? வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

ஜனவரி 18, இரவு 9.15
கொடுக்காதீர்கள். 'இல்லை' வேறு, 'காணவில்லை' வேறு. வீட்டில் சாவியைத் தேடும்போது 'காணோம்' என்றுதான் சொல்கிறோம், 'இல்லை' என்று யாரும் சொல்வதில்லை. தேடியது நாம், கிடைக்காதது நமக்கு. சாவி எங்கோ இருக்கிறது. தமிழில் இதற்குத் தனித்தனியாகச் சொல் இருக்கும்போது படிவத்தில் மட்டும் இரண்டையும் ஏன் ஒன்றாக்க வேண்டும்?

'காணவில்லை' என்று எழுதி, பக்கத்திலேயே எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எவ்வளவு தூரம், எந்த மாதம், பகலா இரவா என்பதையும் எழுதுங்கள். இது இல்லாத பட்டியலை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. முடிவு செய்தால் அது தவறாகத்தான் போகும்.

ஜனவரி 18, இரவு 10.05
கேட்க மறந்தேன். நீர்நாயைத் தேடினீர்களா, அதன் எச்சத்தைத் தேடினீர்களா? நீர்நாயைப் பார்ப்பது அதிர்ஷ்டம். எச்சத்தைப் பார்ப்பது வேலை. தண்ணீரை ஒட்டிய தட்டைப் பாறை, ஓடை வந்து சேரும் இடத்தில் உள்ள மணல் திட்டு, கரையில் துருத்திக்கொண்டிருக்கும் வேர் இவற்றின் மேல்தான் திரும்பத் திரும்பக் கழிக்கும். புதிதாக இருந்தால் கறுத்து ஈரமாக, தார் மாதிரி. மீன் வாடை தூக்கும். காய்ந்தால் சாம்பல் நிறமாகி உதிரும். ஒரு குச்சியால் கிளறினால் உள்ளே மீன் செதிலும் முள்ளும் வெயிலில் மினுங்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

ஜனவரி 19, காலை
'நாங்கள் மேலே பறவைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம், பாறையைக் கவனிக்கவில்லை' என்று கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. இந்த வரியைப் படிவத்திலும் எழுதலாம்.

ஒரு சின்னக் கணக்கு. நீர்நாய் உண்மையிலேயே வாழும் இடத்துக்கு ஒருமுறை போனால் தடயம் கண்ணில் படும் வாய்ப்பு பத்துக்கு மூன்று என்று வைத்துக்கொள்வோம். தவறவிடும் வாய்ப்பு பத்துக்கு ஏழு. இரண்டு முறையும் தவறவிடும் வாய்ப்பு 0.7 பெருக்கல் 0.7, அதாவது 0.49. இரண்டு நாள் போய் ஒன்றும் காணாமல் வந்தால், நீர்நாய் இருக்கும் இடத்திலேயே பாதிக்குப் பாதி அப்படித்தான் நடக்கும். நான்கு முறை போனால் 0.24. ஆறு முறை போனால் 0.12. எட்டு முறை போனால் 0.06.

எட்டு முறை போயும் காணவில்லை என்றால் அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் வருகிறது. இரண்டு முறைக்கு அது வராது.

ஜனவரி 21
நேற்று முன்தினம் போட்ட கணக்கில் ஒருவர் தவறு காட்டினார். ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் மற்றதோடு சம்பந்தமில்லாமல் இருந்தால்தான் அப்படிப் பெருக்க முடியும். சனி, ஞாயிறு அடுத்தடுத்து, அதே ஐந்து பேர், அதே பாதை, அதே நேரம் என்றால் இரண்டு முறை என்று எண்ணுவதே அதிகம், ஒன்றரை முறைகூட ஆகாது. இடைவெளி விட்டுப் போங்கள். ஆளை மாற்றுங்கள். ஒருமுறை கீழிருந்து மேலே நடந்தால் அடுத்த முறை மேலிருந்து கீழே நடங்கள்.

அந்தப் பத்துக்கு மூன்றும் கையிலிருந்து போட்டதாக இருக்கக் கூடாது. நீர்நாய் நிச்சயமாக உள்ள இடங்களுக்கு அதே ஆட்கள் திரும்பத் திரும்பப் போய், எத்தனை முறை தடயம் கிடைத்தது என்று பார்த்தால் அந்த எண் தானே வரும். இரண்டு கிலோமீட்டரையும் 200 மீட்டர் கொண்ட பத்துப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வரி போடுங்கள். ஒரு பகுதியில் கிடைத்து இன்னொன்றில் கிடைக்காமல் போவதுதான் கரை கட்டுகிறவருக்கு உதவும். மொத்த ஆற்றுக்கும் ஒரே வரி எழுதினால் அவருக்கு முன்னால் இருப்பது இரண்டே வழி: எல்லாவற்றையும் கட்டு, அல்லது எதையுமே கட்டாதே.

ஜனவரி 22, பின்னிரவு
நான் ஏன் இந்த ஒரு சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கு நிற்கிறேன் என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு மலையடிவாரப் புல்வெளிக்குக் கணக்கெடுக்கப் போனேன். கோடைக்காலம். புல் காய்ந்து வைக்கோல் நிறம், நடுவே செம்மண். ஒரே ஒரு நாள் நடந்தேன். வானம்பாடி, நெட்டைக்காலி, இரண்டு முயல். படிவத்தில் 'குறிப்பிடத்தக்க தாவரங்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'இல்லை' என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

அந்தப் படிவம் எங்கெங்கோ போனது. ஏற்கெனவே ஆவணத்தில் 'தரிசு' என்று இருந்த நிலம், என் வரியும் சேர்ந்ததும் ஒன்றுமில்லாத நிலமாகிவிட்டது. மரம் நட முடிவானது. நட்டவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் நட்டார்கள். மழைக்கு முன் குழி தோண்டி முடித்திருந்தார்கள். முதல் மழை பெய்த மறுவாரம் நான் தற்செயலாக அந்தப் பக்கம் போனேன்.

குழியின் பக்கச்சுவரில் கிழங்குகள் தெரிந்தன. மண்வெட்டி பட்டு இரண்டாகப் பிளந்த கிழங்குகள். ஒன்றை எனக்குத் தெரியும்: கலப்பை மாதிரி வளைந்த காந்தள் கிழங்கு. அதனால்தான் அதற்குக் கலப்பைக்கிழங்கு என்றே பெயர். மற்றவை கோலிக்குண்டு அளவில், இரண்டிரண்டாக, தோல் மங்கி உள்ளே வெள்ளையாக. வெட்டுப்பட்ட இடத்தில் விரலை வைத்தேன், வழவழவென்று ஒட்டியது. குழிக்கு வெளியே, தோண்டாத இடத்தில், அதே செடி மண்ணைக் கீறிக்கொண்டு ஒரு சுருட்டிய இலையை நீட்டியிருந்தது. இரண்டு மாதம் கழித்து அது பூத்தபோதுதான் நிலத்தில் வளரும் ஆர்க்கிட் என்று தெரிந்தது. அந்தப் புல்வெளியில் அது நூற்றுக்கணக்கில் இருந்திருக்கிறது. நான் நடந்த கோடை நாளில் அவ்வளவும் என் செருப்புக்கு ஒரு சாண் கீழே உறங்கிக்கொண்டிருந்தன.

அன்றைக்கு நான் 'கோடையில் ஒரு நாள் மட்டும் நடந்தேன், மழைக்காலத்தில் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது' என்று எழுதியிருந்தால், குறைந்தபட்சம் ஒருவராவது மழைவரை காத்திருந்திருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன். அவ்வளவுதான்.

ஜனவரி 23
படிவம் போய்விட்டது. கேட்டவர் எழுதிய வாசகம் இது: 'நீர்நாய்: காணவில்லை. 5 பேர், 2 காலைகள், ஜனவரி, தலா 3 மணி நேரம். எச்சம், தடம் தேடப்படவில்லை. மீன்பிடிப்போர் உண்டு என்கிறார்கள். மேலும் ஆறு முறை போக அனுமதியும் மார்ச் இறுதிவரை அவகாசமும் கேட்கிறோம்.' அவகாசம் கிடைத்திருக்கிறது. நான் எதிர்பார்க்கவில்லை. காரணத்தோடு கேட்டால் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜனவரி 27
'எண்ணிக்கொண்டே இருந்தால் எண்ணி முடிப்பதற்குள் எல்லாம் போய்விடும், முதலில் காப்பாற்றுங்கள்' என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் செத்த மாட்டைத் தின்னும் பாறு கழுகின் கதையை அவர் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1980-களில் இந்தியாவில் பாறு கழுகு காக்கை மாதிரி. அதைப் போய் யாராவது எண்ணுவார்களா? சிலர் எண்ணினார்கள். ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் அதன் கூடுகளைக் கணக்கெடுத்தார். 1990-களின் தொடக்கத்தில் சாலையோரமாக வண்டியில் போய்க் கொன்றுண்ணிப் பறவைகளை எண்ணிய பதிவுகளும் இருந்தன. பத்தாண்டுக்குள் கேவலாதேவில் கூடுகள் குறைந்தபோது, 2000-இல் அதே சாலைகளில் மறுபடியும் போய் எண்ணினார்கள். பழைய எண் இருந்ததால்தான் புதிய எண்ணுக்குப் பொருள் வந்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டது.

காரணம் என்ன என்று தேடியவர்கள் 2004-இல் கண்டுபிடித்தார்கள். மாட்டுக்கு வலி தணிக்கப் போடும் டைக்ளோஃபெனாக். அந்த மாடு செத்தால், அதைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். 2006-இல் இந்தியாவில் கால்நடைக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள் என்பதால் 2015-இல் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. 2023-இல் அதே மாதிரி வலி மருந்துகளான கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் தடைப்பட்டியலில் சேர்ந்தன.

சாதாரணப் பறவைதானே என்று யாரும் எண்ணாமல் விட்டிருந்தால், 'முன்பெல்லாம் நிறைய இருந்தது' என்று பெரியவர்கள் சொல்வதோடு போயிருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு மருந்தைத் தடைசெய்ய முடியாது.

பிப்ரவரி 2
'பாறு' என்றால் போதும், 'பாறு கழுகு' என்று எதற்கு என்று ஒருவர் கேட்கிறார். சரிதான். பாறு சங்கப் பாடல்களிலேயே வரும் பெயர். இறந்ததைத் தின்னும் பாறும், வேட்டையாடும் கழுகும் வேறு வேறு. பழக்கத்தில் எழுதிவிட்டேன். இனி பாறு.

பிப்ரவரி 5
'வனத்துறையிடம் புலிக் கணக்கே இருக்கும்போது நாம் தனியாக என்ன எண்ணுவது' என்ற கேள்விக்கு.

துறை எண்ணுவது அவசியம். அதனால்தான் எப்படி எண்ணுகிறோம் என்பதும் அவசியம். இந்தியாவில் 1960-களிலிருந்து புலியைக் காலடித் தடத்தால் எண்ணினார்கள். தடத்தின் மேல் கண்ணாடி வைத்து வரைந்து, ஒவ்வொரு புலியையும் தடத்தாலேயே தனியாக அடையாளம் காணலாம் என்ற நம்பிக்கை. ஆனால் ஒரே புலியின் தடம் ஈர மண்ணில் ஒரு மாதிரி, புழுதியில் இன்னொரு மாதிரி. 2004-இல் ராஜஸ்தானின் சரிஸ்காவில் பதிவேட்டுக் கணக்கில் பதினைந்துக்கும் மேற்பட்ட புலிகள் இருந்தன. தேடிப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. கள்ள வேட்டையில் போயிருந்தன. எண்ணிக்கை மட்டும் காகிதத்தில் உயிரோடு இருந்தது.

அதற்குப் பிறகுதான் முறை மாறியது. தானியங்கி கேமராவில் விழும் புலியின் வரிகளை வைத்து எண்ணுவதை புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் கர்நாடகத்தின் நாகரஹோளேயில் 1990-களிலேயே செய்து காட்டியிருந்தார். 2006-இல் புதிய முறையில் நாடு முழுக்க மதிப்பிட்டபோது வந்த எண் 1,411. அதற்கு முந்தைய, காலடித் தடக் கணக்கு 3,642. 'நாலே வருடத்தில் பாதிக்கு மேல் செத்துவிட்டன' என்று அப்போது பலர் பேசினார்கள். அப்படிச் சொல்ல முடியாது. படியில் அளந்த நெல்லையும் தராசில் நிறுத்த நெல்லையும் ஒன்றிலிருந்து ஒன்று கழிக்க முடியாது.

2018-இல் 2,967. 2022-இல் 3,682. இவற்றை 1,411-உடன் ஓரளவு ஒப்பிடலாம். அப்போதும் எத்தனை கேமரா, எவ்வளவு பரப்பு என்று சேர்த்தே பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 5, இரவு
நம் வரையாட்டுக் கணக்கையும் இதே கண்ணோடு பாருங்கள். தமிழ்நாட்டில் 2024-இல் 1,031, 2025-இல் 1,303. கூடியது மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டாம் ஆண்டில் கணக்கெடுத்த பகுதிகளும் கூடின. முதல் ஆண்டு போகாத மலையில் இரண்டாம் ஆண்டு பார்த்த ஆடு புதிதாகப் பிறந்த ஆடு அல்ல. இரண்டு ஆண்டும் போன அதே பகுதிகளை மட்டும் தனியாக எடுத்து ஒப்பிட்டால்தான் பெருகியதா என்பது தெரியும். 1975-இல் இயற்கை ஆர்வலர் டேவிதார் மலை மலையாக நடந்து எடுத்த கணக்கை இன்றும் நாம் எடுத்துப் பேச முடிவதற்குக் காரணம், எந்த மலையில் எவ்வளவு என்று இடம் இடமாக அவர் எழுதி வைத்ததுதான்.

பிப்ரவரி 6
வரையாட்டுக்கு 'இரட்டைப் பார்வையாளர் முறை' என்கிறார்களே, இரண்டு பேர் எண்ணினால் இரண்டு மடங்கு ஆகாதா என்று கேட்டிருந்த மாணவருக்கு.

ஆகாது. ஒரே பாதையில் முதல் குழு போகும். கொஞ்ச நேர இடைவெளியில் இரண்டாம் குழு. இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது. கூட்டத்தில் எத்தனை கடா, எத்தனை பெட்டை, எத்தனை குட்டி, எந்த இடம், எத்தனை மணி என்று தனித்தனியாகக் குறிப்பார்கள். மாலையில் உட்கார்ந்து ஒப்பிடுவார்கள். முதல் குழு 12 கூட்டம் பார்த்தது. இரண்டாம் குழு 10. இரண்டு பட்டியலிலும் பொதுவாக இருப்பவை 8. இரண்டாம் குழு பார்த்த பத்தில் எட்டை முதல் குழுவும் பார்த்திருக்கிறது. அப்படியென்றால் முதல் குழுவின் கண் பத்துக்கு எட்டைப் பிடிக்கிறது. அவர்கள் பார்த்தது 12. உள்ளது 12 பெருக்கல் 10 வகுத்தல் 8, அதாவது 15. இருவரும் சேர்ந்து பார்த்தது 14. யார் கண்ணிலும் படாத கூட்டம் ஒன்று இருக்கலாம்.

பார்க்காததையும் கணக்கில் கொண்டுவர முடிகிறது பாருங்கள். எனக்கு இந்தக் கணக்கு முதன்முதலில் புரிந்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. இப்போது சொல்லும்போதும் அதே சந்தோஷம்.

பிப்ரவரி 14
இத்தனை நாளாக மிருகமும் பறவையுமாகவே போகிறது. அந்த 'மரம், செடி நாற்பது சொச்சம்' எந்த நாற்பது என்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. பட்டியலை வாங்கிப் பார்த்தேன். மருது, புங்கு, நாவல், நீர்க்கடம்பு, அத்தி, ஆற்றுப்பாலை என்று மரமெல்லாம் சரியாக வந்திருக்கிறது. கோரை ஒன்றுகூட இல்லை. புல் ஒரே ஒரு வரி: 'புல்'. ஆற்றங்கரையைப் பிடித்து வைத்திருப்பதே புல்லும் கோரையும் நாணலும்தான். கல் பதிக்கலாமா வேண்டாமா என்ற முடிவுக்கு அவைதான் நேரடிச் சாட்சி. அவற்றை ஒரே சொல்லில் முடித்துவிட்டோம்.

சுலபமில்லை என்பது தெரியும். புல்லையும் கோரையையும் பூக்கதிர் இல்லாமல் இனம் பிரிப்பது பெரும்பாலும் நடக்காது. அதனால் கதிர் வந்த காலத்தில் ஒருமுறை போயே ஆக வேண்டும். படம் எடுப்பதானால் முழுச் செடி, தண்டின் குறுக்கு வெட்டு, இலை தண்டோடு சேரும் இடம், கதிர் ஆகிய நான்கும் வேண்டும். கோரையின் தண்டை விரலில் உருட்டினாலே பெரும்பாலும் மூன்று பட்டை தட்டுப்படும், புல்லின் தண்டு உருண்டையாக இருக்கும். அனுமதி இருந்தால் ஒரு மாதிரியை அழுத்தி உலர்த்தி, இடமும் தேதியும் எழுதி, உலர்தாவரகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டலத்தில் உள்ள மதராஸ் உலர்தாவரகத்தில் நூறு வருடத்துக்கு முந்தைய, உலர்ந்த செடி ஒட்டிய தாள்கள் உண்டு. ஒரு செடி எங்கே இருந்தது, இப்போது எங்கே காணவில்லை என்பதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம். 1915-இல் கேம்பிள் தொடங்கி, அவருக்குப் பின் ஃபிஷர் 1936-இல் முடித்த மதராஸ் மாகாணத் தாவர நூல் அப்படிப்பட்ட தாள்களின் மேல் எழுந்ததுதான்.

முதுமலையில் 1988-இல் இந்திய அறிவியல் கழகத்தார் 50 ஹெக்டேர் நிலத்தைக் குறித்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பருமனுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்தார்கள். இன்றும் திரும்பத் திரும்ப அதே மரங்களை அளக்கிறார்கள். தீ, வறட்சி, யானை, உன்னிச்செடி இவற்றால் காடு எப்படி மாறுகிறது என்பதை அங்கே ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்துச் சொல்லலாம். நம்மால் 50 ஹெக்டேர் முடியாது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம், கரையில் இருபது இடத்தில், வருடத்துக்கு இரண்டு முறை. அது முடியும்.

பிப்ரவரி 15
நேற்றைய குறிப்போடு சேர்த்துப் படியுங்கள். ஆடு மேய்க்கிறவரைக் கூட்டிப் போங்கள். நான் மூன்று வகை என்று பிரித்து வைத்திருந்த புல்லை ஒரு அம்மா ஒரே பெயரால் சொன்னார். நான் ஒன்று என்று நினைத்ததை 'இது ஆடு திங்கும், அது திங்காது' என்று இரண்டாகப் பிரித்தார். இரண்டாவதில் அவர் சொன்னதுதான் சரி, இரண்டும் வேறு இனம். பெயரைத் திருத்தாமல், அவர்கள் வாயில் வருகிறபடியே எழுதுங்கள். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் இருக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இந்த அறிவுக்காகவே ஏற்பட்டது. அதை ஒரே உட்காரலில் நிரப்பி முடித்தால் இந்த அம்மாவின் பெயர்கள் அதில் ஏறாது.

மார்ச் 1
'நூறு வருடம் யாரும் பார்க்கவில்லை என்றாலாவது இல்லை என்று எழுதலாமா?'

ஜெர்டான் கல்குருவி என்று ஒரு பறவை. மணல் நிறம், நீண்ட கால், மார்பில் பட்டை, புதர்க்காட்டில் இரவில் மட்டும் நடமாடும். 1848-இல் ஜெர்டான் பதிவு செய்தார். 1900-க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அற்றுப்போய்விட்டது என்றே நினைத்தார்கள். 1986-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் தேடலில் ஆந்திராவின் கடப்பா பக்கம் அது மறுபடியும் கிடைத்தது. கிடைக்கச் செய்தது ஒரு உள்ளூர் வேட்டைக்காரரின் அறிவு. அவருக்கு அது எந்தக் காலத்திலும் தொலைந்து போகவில்லை.

பிறகு அதைத் தேடிய விதம்தான் எனக்குப் பிடித்தது. பறவையைத் துரத்தவில்லை. புதர்களுக்கு நடுவே சலித்த மண்ணைப் பட்டையாகப் பரப்பி வைத்தார்கள். இரவில் நடந்து போனால் காலையில் மூன்று விரல் தடம். அப்படித்தான் எந்தப் புதர்க்காட்டில் இருக்கிறது, எவ்வளவு அடர்த்தியான புதரை விரும்புகிறது என்று தெரிந்தது. சென்னைக்குக் கிருஷ்ணா தண்ணீர் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் அந்தப் புதர்க்காட்டின் ஊடே போகவிருந்தது. எங்கே இருக்கிறது என்ற பதிவு கையில் இருந்ததால்தான் அதைக் காட்டி வழக்காட முடிந்தது, கால்வாயின் பாதையும் மாற்றப்பட்டது.

மார்ச் 3
மேலே எழுதியதில் ஒரு எச்சரிக்கை விட்டுப்போனது. எங்கே இருக்கிறது என்பதைத் திட்டத்தை முடிவு செய்கிறவருக்குச் சொல்லுங்கள். உலகத்துக்கே சொல்ல வேண்டாம். தேவாங்கு, நட்சத்திர ஆமை, ஆர்க்கிட் இவற்றின் சரியான இடத்தைப் பொதுவில் போட்டால் பிடிக்கிறவனும் படிப்பான். 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் கடவூர் தேவாங்கு சரணாலயமானது. அந்த அறிவிப்புக்கு எந்த மரத்தில் எந்தத் தேவாங்கு என்று ஊருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரவில் சிவப்பு விளக்கோடு நடந்து, மினுங்கும் கண்களை எண்ணியவர்களின் குறிப்பேட்டில் இருந்தால் போதும்.

மார்ச் 8
பறவைப் பட்டியலில் 61 வகை என்று எண்ணிக்கை இல்லாமல் இருக்கிறது. ஒவ்வொன்றும் எத்தனை? மைனா, காகம், மடையான் இவற்றையும் எண்ணியிருக்கிறீர்களா? பொங்கல் நாள் பறவைக் கணக்கெடுப்பில் 2015-இலிருந்து சொல்லிவருவது இதைத்தான்: பார்த்த எல்லாவற்றையும், எத்தனை என்று, எவ்வளவு நேரம் என்று. 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை எடுத்துக்கொண்டது. நீண்டகாலப் போக்கைச் சொல்ல முடிந்தது 338 இனங்களுக்குத்தான். அந்த 338-இல் 204 இனங்கள் குறைந்திருக்கின்றன. மீதி அறுநூறுக்கும் மேற்பட்டவற்றுக்குப் போதுமான பதிவு இல்லை. அவற்றில் பாறு மாதிரி எது சரிந்துகொண்டிருக்கிறதோ என்று நினைத்தால் பதற்றமாக இருக்கிறது. உங்கள் 61 வரிகளுக்கும் பக்கத்தில் ஒரு எண் போடுங்கள். தயவுசெய்து.

மார்ச் 15
கேட்டவர் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். நான்காவது நடையில், 7-ஆம் பகுதியில், ஓடை சேரும் இடத்துப் பாறையின் மேல் காய்ந்த எச்சம். எல்லோரும் கொண்டாடுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளே நண்டு ஓட்டுத் துண்டுகள்தான் தெரிகின்றன, செதில் தெரியவில்லை. நீர்நாயும் நண்டு தின்னும், கீரியும் தின்னும். 'எச்சம்: நீர்நாயாக இருக்கலாம், உறுதியில்லை' என்று எழுதுங்கள். இதை எழுதும்போது என் கையும் தயங்கியது. நமக்கு வேண்டிய பதில் வரும்போதுதான் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

மார்ச் 29
நேற்று ஆறாவது நடை. தண்ணீர் வடிந்து வண்டல் தெரிகிறது. அதே 7-ஆம் பகுதி. இந்த முறை புதிய எச்சம், கறுப்பு, ஈரம், முழுக்கச் செதில். இரண்டடி தள்ளி வண்டலில் தடம்: ஐந்து விரல், விரல்களுக்கு நடுவே சவ்வு பதிந்திருக்கிறது. பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். நாய்க்கு நான்கு விரல்தான் பதியும். கீரியின் தடம் இவ்வளவு பெரிதாக இருக்காது. இது நீர்நாய்.

கேட்டவர் எழுதிய கடைசி வரியை இங்கே போட அனுமதி வாங்கிவிட்டேன்: 'ஐந்து பேரும் பத்து நிமிஷம் பேசாமல் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.'

ஏப்ரல் 2
திருத்திய படிவம்: 7-ஆம் பகுதி, நீர்நாய் உண்டு, எச்சமும் தடமும், மார்ச் 28. 1 முதல் 6 வரையும் 8-ஆம் பகுதியும், காணவில்லை, 6 நடை. 9, 10-ஆம் பகுதிகள், போகவில்லை, கரை சரிந்து கிடக்கிறது, முள். இந்தப் 'போகவில்லை'யை மறைக்காமல் போட்டது எனக்கு மிகவும் பிடித்தது.

பொறியாளர் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். 7-ஆம் பகுதியில் கல் பதிக்காமல், மண்ணும் வேரும் அப்படியே இருக்க, நாணல் நட்டுக் கரையைப் பிடிக்க முடியுமா என்று அவராகவே கேட்டிருக்கிறார். வளை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. 7-இல் கிடைத்தது கழிக்கும் இடம், வளை அல்ல. சரிந்து கிடக்கும் 9-உம் 10-உம்தான் வளைக்கு ஏற்ற கரை மாதிரி தோன்றுகிறது.

கூட்டம் 10-ஆம் தேதி. அதற்குள் 9, 10-க்குப் போய்விட வேண்டும். முள்ளை வெட்ட வேண்டாம், எதிர்க்கரையிலிருந்து தண்ணீரில் இறங்கிப் போகலாம், முழங்கால் ஆழம்தான் என்று மீன்பிடிக்கிறவர் சொல்கிறார். அவரே கூட வருகிறார். சனிக்கிழமை மாலையே போய், தண்ணீரை ஒட்டி நான்கு இடத்தில் மண்ணைச் சலித்துப் பரப்பிவிட்டு வந்துவிடுவோம். ஞாயிறு விடிவதற்குள் போய்ப் பார்ப்போம். சல்லடை என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன். அளவுகோலை நீங்கள் எடுத்து வாருங்கள்.